களஞ்சியத்தின் திறவுகோல்

வேனிற்காலத்தில் கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும். கால் வைத்தால் பாதம் புகும் அளவுக்கு அதன் மேனியெங்கும் பிளவுகள் தோன்றும். ஆறும் அணையும் அந்நிலத்தின் பெரும்பகுதிக்குத் துணையாவதில்லை. வானமே அதன் வாழ்வு. வடகிழக்குப் பருவமழை வந்து மண்ணின் பிளவுகளை மூடும் காலத்தில் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மானாவாரியாக முளைத்து எழும். மழை தவறினாலும் விளைவு இல்லை. விதை பழுதுபட்டாலும் விளைவு இல்லை. மழை மனிதன் கையில் இல்லை. விதை அவன் கையில் இருக்கிறது. ஆதலின் கரிசற்காட்டு உழவர் விதையைப் பொன்போல் போற்றினர். பசி வந்த காலத்தும் விதைக்கென வைத்ததை எடுத்து உண்ணலாகாது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட அறம்.

விதையைப் பற்றி இந்நிலம் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் இப்பகுதியின் பருத்தி ‘டின்னவெல்லி’ என்னும் பெயருடன் கடல் கடந்த சந்தைகளிலும் அறியப்பட்டிருந்தது. கருங்கண்ணியும் உப்பமும் அப்பெயருக்கு உரிய இனங்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளிச்சை என்னும் வேறோர் இனம் இவற்றோடு கலக்கலாயிற்று. புளிச்சையின் பஞ்சு குட்டையானது, முரடானது. ஆயினும் அரவையில் பஞ்சின் எடை மிகுந்து காணும். எடையைக் கண்டு மகிழ்ந்தவர் அதனை விரும்பி விதைத்தனர். விதை விதையோடு கலந்தது. பஞ்சு பஞ்சோடு கலந்தது. கலப்பின்றிப் பயிர் செய்தவரின் பருத்திக்கும் பெயர் கெட்டது. தன் காட்டில் தான் விதைப்பது தன் விருப்பம் என்று எண்ணியவன், தன்னையறியாமல் ஊர்ப் பொதுவின் மதிப்பில் கை வைத்தான்.

இக்கேட்டை நீக்கத் தூய விதையைத் தேர்ந்து தருவார் வேண்டும். 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் தோன்றிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அத்தகைய பணியைச் செய்தது. அங்கே ஒரு புதிய இனம் உருவான அன்றே அது உழவர் கைக்கு வந்துவிடுவதில்லை. முதலில் நிலையத்தின் வயலில் விதைத்துப் பார்ப்பர். பின்னர்ப் பல ஊர் மண்ணில், பல பருவங்களில், பழைய இனத்தின் அருகிலேயே விதைத்து ஒப்பிடுவர். உழவர் நிலத்திலும் அது தேறிய பின்னரே பொதுவுக்கு வெளியிடுவர். கோவில்பட்டியின் ஆங்கில முதலெழுத்தைத் தாங்கிவந்த கே 10, கே 11 முதலிய பருத்தியினங்கள் இவ்வாறு தேறியவை. பலருடைய வயலில் பரவப்போகும் ஒன்று, பரவுவதற்கு முன்பே பலருடைய கண்ணுக்கு உட்பட வேண்டும் என்பதே அம்முறையின் கருத்து.

விதையைப் போலவே உலகத்தார் பகிர்ந்து வாழும் மற்றொரு செல்வம் இக்காலத்தில் உண்டு. அது திறந்த மூல மென்பொருள். கணிப்பொறி தானாக ஒன்றையும் செய்யாது. இன்னது கண்டால் இன்னது செய் என்று வரி வரியாக எழுதித் தந்த கட்டளைப்படியே அது இயங்கும். அக்கட்டளைகளின் தொகுதிக்கு மூல நிரல் என்று பெயர். வணிக நிறுவனங்கள் பல தம் மூல நிரலைப் பூட்டி வைக்கின்றன. பூட்டாமல் பொதுவில் வைக்கும் வழக்கமும் தோன்றியது. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். எவரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் உரிமையை அத்திட்டம் தன் அடிப்படையாகக் கொண்டது. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை எழுதிப் பிறர் காண வெளியிட்டார். அன்று ஒருவர் எழுதியதை இன்று உலகெங்கும் பல்லாயிரவர் வளர்த்து வருகின்றனர். ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றின் அடியிலும் அந்த லினக்ஸின் கரு இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். எவரும் படிக்கலாம், எடுக்கலாம் என்றால், எவரும் அதனுள் எதையும் எழுதிச் சேர்த்துவிடலாமா? சேர்க்கலாம் என்றால் நல்லதோடு தீயதும் சேரும். கூடாது என்றால் திறந்து வைத்ததன் பயன் குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்த மூல உலகம் கண்டது. ஒவ்வொரு திட்டத்துக்கும் மூல நிரல் முழுவதையும் வைத்துக் காக்கும் இடம் ஒன்று உண்டு. அதனைக் களஞ்சியம் என்பர். களஞ்சியத்திலிருந்து எவரும் எடுத்துச் செல்லலாம். ‘இதனைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எவரும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து தரலாம். ஆனால் வந்த திருத்தத்தை ஆராய்ந்து உள்ளே சேர்க்கும் உரிமை சிலருக்கே உண்டு. அவர்களைக் கமிட்டர் என்று அழைப்பர். களஞ்சியத்தின் கதவு உலகுக்குத் திறந்திருந்தாலும், அதனுள் நெல் கொட்டும் வாயிலின் திறவுகோல் அவர்கள் கையில் இருக்கிறது.

அத்திறவுகோல் விலைக்குக் கிடைப்பதன்று. பட்டம் பெற்றவருக்குப் பட்டத்துக்காகத் தருவதும் அன்று. பிறந்த குடியையோ வாழும் ஊரையோ கேட்டுத் தருவதும் அன்று. அது எவ்வாறு கைக்கு வருகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

கோவில்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழும் மாணவி ஒருத்தியை மனத்தில் கருதுக. அவள் திறந்த மூல மென்பொருள் ஒன்றில் கோப்புகளைத் தொகுத்து வைக்கிறாள். ஒரு கோப்புக்குக் ‘கோவில்பட்டி’ என்று பெயர் இடுகிறாள். பட்டியலில் இடம் போதாமையால் அம்மென்பொருள் பெயரைச் சுருக்கிக் ‘கோவில்பட்ட’ என்று காட்டுகிறது. பிறர் இதனைக் கண்டு நகைத்துவிட்டுப் போயிருப்பர். அவள் காரணத்தைத் தேடுகிறாள். தமிழில் கோவில்பட்டி என்பது 6 எழுத்து. கணிப்பொறி கையாளும் யூனிக்கோடு முறையில் உயிர்மெய்யின் மேல் வரும் கொம்பும் காலும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். அக்கணக்கில் கோவில்பட்டி 11 குறியீடுகள் ஆகும். பெயரை 10 குறியீட்டில் நிறுத்துமாறு எழுதிய நிரல், டகரத்தை வைத்துக்கொண்டு அதன் இகரச் சுழியை வெட்டிவிட்டது. குற்றம் தமிழில் இல்லை; எண்ணிய முறையில் இருக்கிறது.

முதலில் அவள் அவ்வழுவை அத்திட்டத்தாருக்கு எழுதித் தெரிவிக்கிறாள். எந்த வெளியீட்டில், எந்தச் செயலுக்குப் பின், எது தோன்றியது என்பதை ஒன்றும் விடாமல் எழுதுகிறாள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால் ஒரு பக்கத்தை மும்முறை திருத்துகிறாள். பின்னர் மூல நிரலைப் படித்து, தமிழ் எழுத்தை வெட்டாதபடி ஒரு திருத்தத்தை எழுதி அனுப்புகிறாள். சில நாள் விடை இல்லை. பிறகு திருத்தம் திரும்பி வருகிறது. ‘இந்தக் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று, சிங்களம், இந்தி, தாய்லாந்து மொழி ஆகியவற்றுக்கும் உண்டு. யூனிக்கோட்டில் இதற்குப் பொதுவிதி இருக்கிறது. அதன்படி எழுதுக. சோதனையும் சேர்த்து அனுப்புக’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அவளுக்கு வருத்தம் உண்டாகாமல் இராது. உழைத்து எழுதியது திரும்பி வந்தால் எவருக்கும் மனம் சுருங்கும். ஆனால் எழுதியவர் அவளைப் பழிக்கவில்லை; அவள் எழுதியதை வரி வரியாகப் படித்திருக்கிறார். ஊரும் பேரும் அறியாத ஒருவர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டுத் தன் எழுத்தைப் படித்தது பெரிய உபகாரம் என்பதை அவள் உணர்கிறாள். பொதுவிதியைக் கற்கிறாள், நிரலை மாற்றி எழுதுகிறாள், பல மொழிப் பெயர்களை வைத்துச் சோதனைகளும் எழுதுகிறாள். இம்முறை திருத்தம் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. தன் ஊரின் பெயரைச் சரியாகக் காணப் புறப்பட்டவள், தான் கேட்டறியாத மொழியினருக்கும் அவர்கள் எழுத்தை முழுமையாகத் தந்துவிட்டாள்.

அவள் இன்னும் கமிட்டர் ஆகவில்லை. ஒரு திருத்தத்தால் எவரும் ஆவதில்லை. இரண்டாவதும் பத்தாவதும் அனுப்ப வேண்டும். தான் சேர்த்த ஒன்றால் வேறொன்று பழுதானால், பழியைப் பிறர்மேல் போடாமல் தானே முன்வந்து செப்பனிட வேண்டும். பிறர் அனுப்பும் திருத்தங்களையும் படித்துக் குறையும் நிறையும் கூற வேண்டும். விளக்கவுரை எழுதுதல், பழைய வழுக்களை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தல், புதிதாக வருபவரின் ஐயத்தைத் தீர்த்தல் ஆகிய புகழ் தராத பணிகளையும் செய்ய வேண்டும். இவ்வாறு மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். ‘இவள் எழுதியதைப் படிக்கும்போது திருத்த வேண்டியது மிகக் குறைவு, தெரியாததைத் தெரியாது என்று கூறுகிறாள், ஆராயாமல் எதையும் ஏற்பதில்லை’ என்பது திட்டத்தாருக்குப் பழக்கத்தால் விளங்கும். அந்நாளில் அவர்களுள் ஒருவர் அவள் பெயரை முன்மொழிவார். மற்றவர் இசைவார்கள். திறவுகோல் அவள் கைக்கு வரும்.

இது கற்பனை ஆயினும் இதன் முறை உண்மையானது. 1995-ஆம் ஆண்டில் எண்மர் கூடித் தொடங்கிய அப்பாச்சி குழுவினர் இணையப் பக்கங்களை வழங்கும் ஒரு மென்பொருளை வளர்த்தனர். 1999-ஆம் ஆண்டில் அது அறக்கட்டளையாக உருப்பெற்றது. அங்கே செயலால் வரும் தகுதியைப் பார்த்துக் கமிட்டர்களைத் தேர்ந்தெடுக்கின்றனர். கமிட்டர் ஆன பின்னும் ஒருவருடைய திருத்தத்தைத் தக்க காரணம் காட்டி மற்றொருவர் தடுக்கலாம். காரணம் காட்டாத தடைக்கு மதிப்பில்லை. லினக்ஸிலோ 2004-ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் நிலவுகிறது. திருத்தம் அனுப்புபவர் அதன் அடியில் தம் பெயரால் ஒப்பமிட வேண்டும். அத்திருத்தத்தைத் தரும் உரிமை தமக்கு உண்டு என்பதற்கு அது உறுதிமொழி. அத்திருத்தத்தைக் கைம்மாற்றி மேலே அனுப்பும் ஒவ்வொருவரும் தம் ஒப்பத்தையும் சேர்ப்பர். 2005-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி, யார், எந்நாளில், எந்த வரியை, என்ன காரணம் கூறி மாற்றினார் என்பதை அழியாமல் பதிந்து வைக்கிறது. பிழை புகுந்தால் பழைய நிலைக்குத் திரும்பவும் அது வழி செய்கிறது.

இத்தனை காவல் இருந்தும் ஒருமுறை திறவுகோல் தகாதவர் கைக்குச் சென்றது. அதனை அறிவது நன்று.

கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருள் ஒன்று உண்டு. லினக்ஸ் கணிப்பொறிகள் பெரும்பாலானவற்றில் அது இடம்பெறுகிறது. அதனைப் பின்லாந்து நாட்டு லாசே காலின் என்பவர் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில், ஏறத்தாழத் தனியராகவே காத்து வந்தார். 2021-ஆம் ஆண்டில் ஜியா டான் என்னும் பெயருடைய ஒருவர் அதற்குத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். அவை பயனுள்ளவையாகவே இருந்தன. 2022-ஆம் ஆண்டில் முன்பின் அறியாத சிலர், ‘வேலை மெல்ல நடக்கிறது, பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள்’ என்று காலினுக்கு எழுதி நெருக்கினர். தம் மனநலம் குன்றியிருப்பதையும், இது ஊதியம் இல்லாத பணி என்பதையும் அவர் எடுத்துரைத்தார். நாளடைவில் ஜியா டானுக்குச் சேர்க்கும் உரிமையும் வெளியிடும் உரிமையும் கிடைத்தன.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த 5.6.0 என்னும் வெளியீட்டில் அவர் ஒரு கள்ளவாயிலை ஒளித்து வைத்தார். தொலைவிலுள்ள கணிப்பொறியினுள் காவலுடன் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். என்னும் வழியில், ஒரு மறைந்த சாவி உடையவர் மட்டும் பிறர் அறியாமல் புகுவதற்கு அது வழி செய்தது. அதனை இயக்கி வைக்கும் வரி களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. குவியலில் தூய விதையைக் காட்டி, மூட்டையில் புளிச்சையைக் கலந்து கட்டியது போன்றது அச்செயல். அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது உலகுக்கு வெளிப்படவில்லை.

அக்கள்ளத்தைக் கண்டவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்டு. அவர் போஸ்ட்கிரெஸ் என்னும் திறந்த மூலத் தரவுத்தளத் திட்டத்தின் கமிட்டர்களுள் ஒருவர். தம் பணிக்காக வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, கணிப்பொறியுள் நுழைய முன்னைக் காட்டிலும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாக ஆவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடி இழை இழையாகப் பிரித்துச் சென்று கள்ளவாயிலை அடைந்தார். 2024 மார்ச் 29 அன்று அதனை உலகறிய வெளியிட்டார். அப்போது அவ்வெளியீடு இயங்குதளங்கள் சிலவற்றில் மட்டுமே புகுந்திருந்தது. பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலையான வெளியீடுகளுக்குள் பரவுமுன் அது தடுக்கப்பட்டது. களஞ்சியத்தை மீண்டும் காலின் ஆராய்ந்து, அவ்வாண்டு மே மாதத்தில் தூய வெளியீட்டைத் தந்தார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர், ‘நம்பிக்கையின்மேல் கட்டிய வீடு இப்படித்தான் ஆகும்’ என்று கூறக்கூடும். சற்று நின்று எண்ணினால் வேறொன்று விளங்கும். கள்ளவாயிலை வைத்தவரும் உழைத்தார், கண்டுபிடித்தவரும் உழைத்தார். முன்னவர் திறவுகோலைப் பெறுவதற்காக உழைத்தார். பெற்றதும் உழைப்பின் நோக்கம் வெளிப்பட்டது. பின்னவர் தம் திட்டத்துக்கு அப்பாற்பட்ட ஒன்றையும் தம் பொறுப்பாகவே கருதினார். மூலம் திறந்திருந்தமையால் அவரால் தேட முடிந்தது. பூட்டிய பெட்டியாயின் அரை நொடியின் காரணத்தை எவரிடம் சென்று கேட்பது?

இதில் மற்றொரு படிப்பினையும் உண்டு. காலின் தனியராய்ச் சுமந்தார். அவர் ஆக்கியதைப் பெற்றுப் பயனடைந்தோர் எண்ணிலர். தோள் கொடுத்தோர் மிகச் சிலர். தோள் கொடுப்பார் இல்லாத இடத்தில்தான் வஞ்சகன் தோழனாய் வந்து நின்றான். ஊர்க் கண்மாய்க் கரையைக் காக்கும் பணியை ஒருவர் தலையில் வைத்துவிட்டு ஊரார் உறங்கினால், உடைப்பு எடுத்த பின்பு அவரைக் குறை கூறுவதில் பயன் இல்லை. பொதுச்சொத்தில் உண்பவர் அனைவரும் அதனைக் காப்பதிலும் சிறிதேனும் பங்கு கொள்ள வேண்டும். வழு ஒன்றைக் கண்டு தெளிவாக எழுதித் தெரிவிப்பதும் பங்கே. ஒரு பக்கத்தைத் தமிழில் பெயர்த்துத் தருவதும் பங்கே. கணிப்பொறித் திரையில் இன்று பல மென்பொருள்கள் தமிழில் பேசுவது, ஊதியம் கருதாத ஆர்வலர் பலர் சொல் சொல்லாகப் பெயர்த்துத் தந்ததன் பயன் ஆகும்.

ஆகவே சேர்க்கும் உரிமையைப் பரிசு என்று கருதுவது பொருந்தாது. பரிசு பெற்றவர் அதனைச் சுவரில் மாட்டி வைக்கலாம். திறவுகோலைப் பெற்றவர் நாள்தோறும் கதவருகே நிற்க வேண்டும். அவ்வுரிமை கிட்டாதவர் தாழ்ந்தவரும் அல்லர். ஒரே ஒரு நல்ல திருத்தத்தைத் தந்து சென்றவரும் அக்களஞ்சியத்தை நிரப்பியவரே. நிற்க இயலாத காலம் வரும்போது திறவுகோலை முறைப்படி ஒப்படைத்து விலகுவதும் சிறப்பே.

தூய விதையை ஒருமுறை தேர்ந்துவிட்டால் கடமை முடிந்தது என்று விதை உழவர் எண்ணுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பூக்கும் பருவத்தில் விதைப்பண்ணையில் வரிசை வரிசையாக நடந்து, இலையிலும் பூவிலும் காயிலும் வேறுபட்டுத் தோன்றும் செடிகளைக் கலவன் என்று கண்டு களைவர். வெயில் ஏறும், கரிசல் மண் காலில் ஒட்டிக் கனக்கும், ஆயினும் ஒரு வரிசையையும் விடார். அவ்வாறு நடந்தவர் பலராதலின் நல்ல விதை அடுத்த தலைமுறையின் கைக்கு வந்தது. மென்பொருட் களஞ்சியத்தின் திறவுகோலை விரும்பும் இளைஞரும் முதலில் அவ்வாறு வரிசை வரிசையாக நடக்கக் கற்க வேண்டும். நடந்த காலைக் கண்டே திறவுகோல் கையைத் தேடி வரும்.